அடி இற்ற சிலுவை



ஓக் மரம் லேசில் சாகாது. நம் தச்சர்கள் தேக்கைப் பற்றிப் பேசும் பெருமையோடு ஐரோப்பியத் தச்சர்கள் ஓக்கைப் பற்றிப் பேசுவார்கள். ஆனாலும் மண்ணில் நட்டுவிட்டால் அதுவும் ஓரிடத்தில் தோற்றே தீரும். மண்ணுக்கு அடியில் காற்று குறைவு. மேலே ஈரம் தங்குவதில்லை. காற்றும் ஈரமும் கூடுகிற இடம் தரையை ஒட்டிய ஒரு சாண். பூஞ்சைக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் ஒருசேரக் கிடைக்கிறது. பனியும் மழையும் மாறி மாறி அடிக்கிற பால்டிக் கரை நாட்டில், சில பத்தாண்டுகளில் அந்த ஒரு சாண் கறுத்து, விரலால் குத்தினால் உள்ளே போகிற பதத்துக்கு வந்துவிடும். மேலே செதுக்கிய முகத்தில் மூக்கும் இமையும் தெளிவாக இருக்கும்போதே கால் போய்விடுகிறது. லித்துவேனியக் கிராமத்துச் சிலுவை சாய்வது இப்படித்தான்.

சாய்ந்த பிறகு என்ன செய்வார்கள்? இற்ற அடியை அறுத்துவிட்டு மிச்சத்தை மறுபடி நடலாம். சிலுவை ஒரு முழம் குட்டையாகிவிடும், அவ்வளவுதான். அதுவும் முடியாத நிலை வந்தால் புதிய மரம் தேடிப் புதிய சிலுவை செய்வார்கள். பழைய கட்டையை அடுப்பெரிக்க எடுப்பதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை கோயில் முற்றத்தில் மூட்டுகிற தீயில் அதைச் சேர்ப்பது வழக்கம். உச்சியில் கொல்லர் அடித்துச் செருகிய இரும்புச் சூரியன் மட்டும் மரத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டது. புதிய சிலுவையின் தலைக்கு அது ஏறுவதும் உண்டு, அருங்காட்சியகத்துக்குப் போவதும் உண்டு.

இன்றைய பேச்சு அந்த ஒரு சாண் இற்ற கட்டையைப் பற்றியது. கல்லில் செய்திருந்தால் ஒருமுறை நட்டுவிட்டு ஊர் மறந்திருக்கும். மரத்தில் செய்ததால், ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தடவையாவது கூடிப் பேசி, பணம் பிரித்து, மரம் வெட்டி, ஆசாரியைத் தேடி, குழி தோண்டவேண்டி வந்தது. லித்துவேனியர்கள் தங்கள் அடையாளத்தைக் காத்துக்கொண்ட கதையில் பேரரசுகள் தடை போட்டதைப் பலரும் சொல்கிறார்கள். மரம் இற்றுப்போனதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தடையை மீறி மறுபடி நடக் கற்றுக்கொண்டவர்கள், தடை வருவதற்கு முன்பே மறுபடி நடப் பழகியிருந்தவர்கள்.

லித்துவேனியா பரப்பில் தமிழ்நாட்டில் பாதி. மக்கள் இன்று முப்பது லட்சத்துக்குள். ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த நாடு அது. 1387-இல் அரசன் யோகாய்லா ஞானஸ்நான இயக்கத்தைத் தொடங்கிவைத்தான். மேற்கே ஜெமாய்த்தியா வட்டாரம் 1413 வரை காத்திருந்தது. ரோமாபுரி சிலுவையை ஏற்று ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பிறகும் இவர்கள் இடித் தெய்வமான பெர்கூனாஸுக்கு வழிபாடு நடத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் சிலுவை வந்தபோது பழைய தெய்வங்கள் முழுவதுமாக இடத்தைக் காலி செய்துவிடவில்லை. சிலுவையின் குறுக்குச் சட்டமும் நெடுஞ்சட்டமும் கூடுகிற இடத்தில் சூரியக் கதிர்கள், அடியில் பிறை, ஓரங்களில் பாம்பு, பூக்கொடி. குருவானவர் மந்திரிக்கிற சிலுவையிலேயே இவ்வளவும் இருக்கும்.

சிலுவை செதுக்குகிறவருக்கு லித்துவேனிய மொழியில் ‘தியெவ்திர்பீஸ்’ என்று பெயர். ‘தியெவாஸ்’ என்றால் கடவுள். வடமொழி வழியாக நமக்குத் தெரிந்த ‘தேவ’ என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. இன்று பேசப்படும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பழைய வடிவங்களை மிக அதிகமாகக் காத்துவைத்திருப்பது லித்துவேனியம் என்று மொழியியலார் சொல்வார்கள். அக்னிக்கு அங்கே ‘உக்னிஸ்’, தூமத்துக்கு ‘தூமாஸ்’. தியெவ்திர்பீஸ் என்றால் ‘தேவனைச் செய்கிறவர்’. அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள், தச்சர்கள்.

அவர்கள் செய்தவற்றில் சிலுவை ஒரு வகைதான். ஒரு தூண், அதன் தலையில் சிறு கோயில், அதற்குள் ஒரு புனிதர் என்று இருப்பது ‘கொப்லித்ஸ்துல்பிஸ்’. தூணின் மேல் அடுக்கடுக்காகச் சிறு கூரைகள் வைத்தால் ‘ஸ்தொகஸ்துல்பிஸ்’. நம் தென்கடற்கரை ஊர்களில் குருசடி என்று சொல்வதை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உயரம் ஒரு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை. ஊர் நடுவில், கவர்பாதையில், வீட்டு முற்றத்தில், பிணத்தைச் சுமந்து போகிற வழியில், யாராவது மின்னல் தாக்கிச் செத்த இடத்தில் எல்லாம் நிற்கும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வண்ணத் துணி கட்டுவார்கள். பிள்ளை வரம் கேட்பவர்கள் சிறு ஏப்ரன் துணி கட்டுவார்கள். காசும் ஜெபமாலையும் தொங்கும். 2001-இல் யுனெஸ்கோ இந்தச் சிலுவைக் கலையை மனிதகுலத்தின் வாய்மொழி, தொட்டுணராப் பண்பாட்டின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. குடியானவர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் வெறும் சிலுவை.

அந்தச் சிறு கோயிலுக்குள் அடிக்கடி உட்கார்ந்திருப்பவர் ‘ரூபின்தோயேலிஸ்’. முள்முடி சூடிய இயேசு. சிலுவையில் அறையப்பட்ட நிலையில் இல்லை, உயிர்த்தெழுந்த நிலையிலும் இல்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கை வைத்திருக்கிறார். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று அதட்டுகிற நம் பாட்டிகள் இந்த உருவத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். லித்துவேனியக் குடியானவருக்கோ இதுதான் மனசுக்கு நெருக்கமான கடவுள். பெயரே ‘கவலைப்படுகிறவர்’ என்ற பொருளில் வருவது. உருவம் ஜெர்மானிய நாடுகளிலும் போலந்திலும் இடைக்காலத்திலேயே உண்டு. லித்துவேனியர்கள் கண்டுபிடித்தது என்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அதை அரையடி உயரத்துக்குச் சுருக்கி, தங்கள் வயலோர மரத்தில் ஏற்றி, தங்களைப் போலவே உழைத்துக் களைத்த ஒருவராக ஆக்கிக்கொண்டது அவர்கள் வேலை.

இந்தக் கைகளுள் பெயர் தெரிந்த மிகப் பெரிய கை வின்ட்ஸாஸ் ஸ்விர்ஸ்கிஸுடையது (1835–1916). நாட்டின் நடுப்பகுதியில், கெதாய்னியாய், பனவேஜீஸ் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராக அலைந்தவர். சொந்த வீடு கிடையாது. சிலுவை வேண்டுமென்று சொன்ன பண்ணை வீட்டிலேயே தங்கி, அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒரே ஓக் தண்டில் வேலையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். மற்றவர்கள் சிறு பொம்மைகளைத் தனியாகச் செய்து கூரைக்கடியில் வைத்தபோது இவர் தண்டிலேயே பெரிய உருவங்களைக் குடைந்தார். மாதாவும் புனிதர்களும் மரத்துக்குள்ளிருந்து அரைவாசி வெளியே வந்து நிற்பார்கள். இருநூறுக்கு மேல் செய்தார் என்கிறார்கள். காற்றும் மழையும் தின்றது போக மிஞ்சியவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

ஸ்விர்ஸ்கிஸின் ஆண்டுகளைக் கவனிக்கவேண்டும். அவர் முழுவீச்சில் உளி பிடித்திருந்த காலம், சாலையோரத்தில் சிலுவை நடுவதே குற்றமாக இருந்த காலம்.

1795-இல் போலந்து-லித்துவேனிய அரசு துண்டாடப்பட்டபோது லித்துவேனியாவின் பெரும்பகுதி ரஷ்யப் பேரரசுக்குப் போனது. 1831-இல் ஒரு கிளர்ச்சி, 1863-இல் இன்னொன்று. இரண்டாவதை அடக்க வந்த கவர்னர் ஜெனரல் மிகயீல் முராவியோவை மக்கள் ‘தூக்கிலிடுபவன்’ என்றே அழைத்தார்கள். 1864-இல் அவருடைய நிர்வாகம் இரண்டு வேலைகளைச் செய்தது. லித்துவேனியத்தை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதை நிறுத்தத் தொடங்கியது. மறு ஆண்டில் அது முழுத் தடையாக இறுகியது. கல்லறைத் தோட்டத்துக்கும் கோயில் வளாகத்துக்கும் வெளியே, சாலையோரத்திலும் வயலிலும் புதிதாகச் சிலுவை நடுவதைத் தடுத்தது. எழுத்தும் மரமும் ஒரே ஆண்டில் குற்றவாளிக் கூண்டில் ஏறின.

அரசுக்கு அது பைத்தியக்காரத்தனமான யோசனை அல்ல. கிளர்ச்சியில் செத்தவர்களுக்கு ஊரார் சிலுவை நட்டுக்கொண்டிருந்தார்கள். பிணம் கிடைக்காத வீட்டுக்கும் ஒரு சிலுவை நடமுடியும். சாலையோரத்தில் நின்றால் போகிறவர் வருகிறவரெல்லாம் தொப்பியைக் கழற்றுவார்கள். எந்த அரசுக்குத்தான் அது பிடிக்கும்?

எழுத்துத் தடை நாற்பது ஆண்டு நீடித்து 1904-இல் நீங்கியது. பக்கத்துக் கிழக்கு பிரஷ்யாவில் அச்சடித்த ஜெபப் புத்தகங்களையும் அரிச்சுவடிகளையும் முதுகில் கட்டி இரவில் எல்லை கடத்தி வந்தவர்களை ‘க்னிக்னேஷ்யாய்’, அதாவது புத்தகம் சுமப்போர், என்று லித்துவேனியா இன்றும் கொண்டாடுகிறது. சிலுவைத் தடை அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது. புத்தகம் சுமந்தவர்களுக்குக் கிடைத்த புகழ் சிலுவை செதுக்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை. படித்தவர்கள் எழுதிய வரலாற்றில் படித்தவர்களுக்கு உதவியவர்கள் முன்னால் நிற்பது இயல்புதான்.

படித்தவர்கள் சிலுவைப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகு. 1912-இல் ஓவியர் அந்தானாஸ் யரொஷேவிச்சியுஸ் தாம் வரைந்த சிலுவைகளை ஒரு தொகுப்பாக வில்னியுஸில் வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் மருத்துவர் யோனாஸ் பஸனாவிச்சியுஸ். ஆறு ஆண்டு கழித்து 1918 பிப்ரவரி 16 அன்று விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட இருபது பேரில் ஒருவர். இந்தச் சிலுவைகளின் மூலம் கிறிஸ்தவத்துக்கு முந்தைய கல்லறைத் தூண்களில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். அறிஞர்கள் பிறகு இதை ஒட்டியும் வெட்டியும் நிறையப் பேசிவிட்டார்கள். நீதா ஊர்க் கல்லறையில் இன்றும் நிற்கிற ‘க்ரிக்ஷ்தாய்’ பலகைகள், அதாவது தலைமாட்டில் நடாமல் கால்மாட்டில் நட்டு, தேரையும் பறவையும் செடியுமாக வெட்டிய பலகைகள், அவர் பக்கம் சாய்வதுபோல் இருக்கின்றன. ஆனால் சாலையோரச் சிலுவை முழுவதற்கும் அதைச் சாட்சியாக நிறுத்துவது கொஞ்சம் அதிகம். அது எப்படியானாலும் அந்த முன்னுரை ஒரு காரியம் செய்தது. அதுவரை ஒரு வீட்டின் நேர்த்திக்கடனாக இருந்த கட்டை ஒரு நாட்டின் கையெழுத்தாக மாறியது.

சுதந்திர நாடானதும் எண்ணிக்கை பெருகிற்று. 1928-இல் விடுதலையின் பத்தாம் ஆண்டுக்கு ஊருக்கு ஊர் சிலுவை நட்டார்கள். இக்னாஸ் கொன்ச்சியுஸ் என்ற இயற்பியல் பேராசிரியர், வேறு வேலை இல்லாதவர்போல், ஜெமாய்த்தியாவின் சாலைகளில் நடந்து நடந்து எத்தனை சிலுவை, எத்தனை சிறுகோயில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று குறித்தார். சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்று நின்றது. 1944-இல் சோவியத் படை திரும்ப வந்தபோது நாட்டைவிட்டுப் போனவர்களில் அவரும் ஒருவர். அவர் எண்ணிய கணக்கு 1965-இல் அமெரிக்காவின் சிகாகோவில் புத்தகமாக வந்தது. அதற்குள் அவர் எண்ணியவற்றில் பெரும்பாலானவை இல்லை.

சோவியத் ஆட்சி சிலுவையைக் கையாண்ட விதம் ஜார் ஆட்சியைவிட நுட்பமானது. கூட்டுப்பண்ணை டிராக்டர் வயல் சிலுவையை இழுத்துப் போட்டது. சாலையை அகலப்படுத்தியபோது வழியில் இருந்தது போனது. இப்படிப் போனவற்றில் கொஞ்சத்தைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது ஸலாந்தாய் அருகே உள்ள ஒர்வீதாஸ் குடும்பம். கல்தச்சர்கள். உடைந்த சிலுவை, கல்லறைக்கல், சிலை எல்லாம் அவர்கள் தோட்டத்தில் வந்து சேர்ந்தன. அதிகாரிகளின் தொல்லைக்கு நடுவே மகன் விலியுஸ் ஒர்வீதாஸ் அவற்றோடு தன் கல்லையும் மரத்தையும் சேர்த்து அடுக்கிக்கொண்டே போனார். இன்று அங்கே போகிறவர்களுக்கு அது காடா, கல்லறையா, சிற்பக்கூடமா என்று குழப்பம் வரும்.

இன்னொரு பக்கம், அதே ஆட்சி அதே செதுக்குக் கலையை நாட்டுப்புறக் கலை என்று தட்டிக்கொடுத்தது. குறுக்குச் சட்டம் இல்லாத வரையில். அதற்கு ஓர் உதாரணம் அப்லிங்கா.

1941 ஜூன் 23. ஜெர்மன் படை சோவியத் எல்லையைக் கடந்த மறுநாள். மேற்கு லித்துவேனியாவில் அப்லிங்கா, ஜ்வாகினியாய் என்ற இரு அண்டை ஊர்களில் நாஜிகள் 42 பேரைக் கொன்று வீடுகளைக் கொளுத்தினார்கள். 1972-இல் அந்த ஊர் மேட்டில் ஒரு நினைவிடம் எழுந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து செதுக்கு ஆசாரிகள் வந்து தங்கினார்கள். முன்னின்று கூட்டியவர் வீதௌதாஸ் மயோராஸ். 30 ஓக் தூண்கள். கொல்லப்பட்ட ஊர்க்காரர்களே உருவங்களாக நிற்கிறார்கள். நாஜிக் கொடுமையைக் காட்டும் நினைவிடம் என்பதால் அரசுக்கு மறுப்பில்லை. ஆனால் தூணின் நிற்பும் தலையில் கூரையும் அடுக்கும் மடிப்பும் பழைய கொப்லித்ஸ்துல்பிஸ்தான் என்று எந்தக் குடியானவருக்கும் புரிந்திருக்கும். புனிதர் நின்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிறார்.

இந்தத் தந்திரம் பிடித்துப்போயிற்று. 1975-இல் ஓவியரும் இசையமைப்பாளருமான சியுர்லியோனிஸின் நூற்றாண்டுக்கு வரேனாவிலிருந்து துருஸ்கினின்காய் செல்லும் சாலை ஓரமாக ஓக் தூண்கள் நட்டார்கள். சாலையோரத்தில் மறுபடி செதுக்கிய மரம்! 1979 முதல் கடலோர யுவோத்க்ராந்தேயில் ‘சூனியக்காரிகள் குன்று’ உருவானது. தேவனைச் செய்யத் தடை இருந்த இடத்தில் தேவனைச் செய்கிறவர்களின் பேரப்பிள்ளைகள் பேயும் பிசாசும் சூனியக்கிழவியும் செய்து கை பழகினார்கள். நாத்திக அரசு அதற்குப் பணமும் கொடுத்தது. சிரிப்பதா என்று யோசிக்கத் தோன்றும். ஆனால் உளி துருப்பிடிக்காமல் இருந்ததற்கு அந்தப் பிசாசுகளுக்கு நன்றி சொல்லவேண்டும்.

தந்திரம் செய்ய மனமில்லாதவர்கள் ஷியாவுலியாய் நகருக்கு வடக்கே 12 கிலோமீட்டரில் உள்ள சிலுவைக் குன்றுக்குப் போனார்கள். உண்மையில் அது யுர்காய்ச்சியாய் கிராமத்துப் பழைய கோட்டை மேடு. 1831 கிளர்ச்சிக்குப் பிறகு அங்கே சிலுவைகள் தோன்றியதாகச் சொல்வார்கள். 1850-இல் எழுத்தில் இடம்பெறுகிறது. 1900 அளவில் சுமார் 130. உலகம் முழுக்கச் சுற்றுலாப் படங்களில் வருகிற இடம் என்பதால் இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 1961 ஏப்ரலில் புல்டோசர்கள் வந்தன. மரத்தை எரித்தார்கள், இரும்பைப் பழைய இரும்புக்கு அனுப்பினார்கள், கல்லை உடைத்துப் புதைத்தார்கள். எழுபதுகளில் மறுபடி மறுபடி வந்தார்கள். தொற்றுநோய் என்று சாலையை மறித்தார்கள். சுற்றிலும் நீரைத் தேக்கிக் குன்றையே தீவாக்கிவிடத் திட்டம்கூடத் தீட்டினார்கள். 1973 மே மாதம் ஓர் இரவில் இளைஞர்கள் சிலர் ஒரு சிலுவையைத் தோளில் சுமந்து நடந்து போய் நட்டுவிட்டு வந்தார்கள். பிடுங்கப்பட்டது. அடுத்தது நடப்பட்டது. 1972-இலிருந்து தட்டச்சில் அடித்து ரகசியமாகச் சுற்றுக்கு விடப்பட்ட ‘லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் நிகழ்ச்சிக் குறிப்பு’ இப்படிப்பட்ட ஒவ்வொரு நடவையும் ஒவ்வொரு பிடுங்கலையும் பதிவு செய்துகொண்டே வந்தது. 1990-இல் எண்ணியபோது பெரிதும் சிறிதுமாக அரை லட்சத்தைத் தாண்டியிருந்தன.

சிலுவைக் குன்று பெரும் கூட்டம். கிராமத்துச் சிலுவை அப்படி அல்ல. அதை அதன் பொழுதில் பார்க்கவேண்டும். மே மாதம் அங்கேயும் மாதா வணக்க மாதம். வடக்கு நாடு என்பதால் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மாடு கறந்து முடித்த பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். சிலுவையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி, வேலிக்குள் பூப்பாத்தி, ஊறுகாய் போட்ட கண்ணாடிப் பாட்டிலில் ஊதா லைலாக் கொத்து. ஒருத்தி மன்றாட்டுமாலையை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குருவானவர் வரவேண்டியதில்லை. கோயில் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், பூட்டியும் இருக்கலாம். புத்தகமும் வேண்டாம், பாட்டு மனப்பாடம். பாடி முடிந்ததும் யாரும் உடனே போகமாட்டார்கள். பசு கன்று போட்டதா, யார் வீட்டில் கல்யாணம், யாரைக் காவல்துறை கூப்பிட்டது என்று பேச்சு நடக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு மொழியும் அலுவலகத்தில் ஒரு மொழியும் கேட்கிற காலத்தில், அந்த அரை மணி நேரம் ஊர்ப் பேச்சு ஊர்ப் பேச்சாகவே நடந்தது.

அந்தப் பொழுதின் விலை எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்றைய பெலாரஸ் நாட்டுக்குள், லித்துவேனிய எல்லையை ஒட்டி, கெர்வேச்சியாய் என்ற பங்கைச் சுற்றிச் சில ஊர்கள் இருக்கின்றன. நாலாபக்கமும் வேறு மொழி பேசுவோர் சூழ, லித்துவேனியம் பேசுகிற தீவு. ஊர் முனைகளில் சிலுவைகள், அவற்றின் இடுப்பில் ரிப்பனும் சிறு ஏப்ரன் துணியும். சோவியத் கலைந்த பிறகு லித்துவேனிய அரசின் உதவியோடு அங்கே ரிம்ஜூனாயிலும், தென்மேற்கே பெலெஸாவிலும் லித்துவேனிய மொழிப் பள்ளிகள் வந்தன. 2022-இல் பெலாரஸ் அதிகாரிகள் இரண்டையும் ரஷ்ய மொழிக்கு மாற்றினார்கள். பள்ளி ஓர் உத்தரவில் மாறிவிடும். சிலுவையடியில் கிழவிகள் எந்த மொழியில் பாடவேண்டும் என்று உத்தரவு போடுவது கடினம். ஆனால் அவர்கள் கிழவிகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிலுவை தொலைவுக்கும் போனது. 1941-இலிருந்து ஸ்டாலின் சாகும்வரை ஏறத்தாழ 1,30,000 பேர் லித்துவேனியாவிலிருந்து சைபீரியாவுக்கும் வடதுருவக் கரைகளுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள். அங்கே ஓக் வளராது. கிடைத்த மரத்தில், சில இடங்களில் கரையொதுங்கிய கட்டையில், சிலுவை செய்து குழிமேட்டில் நட்டார்கள். 2006 முதல் ‘சைபீரியப் பணி’ என்ற பெயரில் இளைஞர் குழுக்கள் அந்தக் கல்லறைகளைத் தேடிப் போய், புதர் வெட்டி, சாய்ந்ததை நிமிர்த்தி, இல்லாத இடத்தில் புதிதாக நட்டு வந்தன. பிறகு ரஷ்யா விசா தர மறுத்தபோது கஜகஸ்தான் பக்கம் திரும்பின. தாத்தா செத்த இடத்தைப் பேரன் பார்க்கப் போவது பழைய வழக்கம். தன் தாத்தா அல்லாத ஒருவரின் குழியைத் தேடி ஐயாயிரம் கிலோமீட்டர் போவது வேறு மாதிரி உறவு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை விட்டுவிட்டால் நேர்மையாக இருக்காது. சிலுவை எல்லா லித்துவேனியர்களையும் சுமக்கவில்லை. போருக்கு முன் அங்கே சுமார் இரண்டு லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். நாஜிகளோடு உள்ளூர்க் கைகளும் சேர்ந்திருந்தன. ‘எங்கள் அடையாளம் சிலுவை’ என்று சொல்லும்போது அந்த ‘எங்கள்’ யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வி எழத்தான் வேண்டும். அதற்கு ஒரு பதிலை ப்லுங்கே ஊரின் யாகோவாஸ் புன்கா (1923–2014) உளியாலேயே சொன்னார். யூதர். போரிலிருந்து ஊர் திரும்பியபோது அவருடைய சமூகமே இல்லை. 1941 ஜூலையில் பக்கத்துக் கௌஷேனாய் காட்டில் சுமார் 1,800 பேர் சுட்டுக் கொல்லப்பட்டுக் குழியில் தள்ளப்பட்டிருந்தார்கள். புன்கா அந்த இடத்தில் ஓக் தண்டுகளில் உருவங்கள் செதுக்கி நட்டார். குறுக்குச் சட்டம் கிடையாது, புனிதர்கள் கிடையாது. ஆனால் மண்ணிலிருந்து நேராக எழுகிற தண்டு, அதிலிருந்து வெளியே வருகிற முகம், கீழே ஈரம், மேலே காற்று. ஜெமாய்த்தியக் குடியானவர்களின் அதே கைப்பழக்கத்தில் தன் மக்களை அழுதார் அவர். லித்துவேனிய மரவேலையின் வரலாற்றில் ஸ்விர்ஸ்கிஸுக்குப் பக்கத்தில் அவரை வைக்கவேண்டும் என்பது இந்தப் பேச்சாளரின் கருத்து.

இனி, பெயரே இல்லாமல் போன ஊர்கள்.

அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை சோவியத் அரசு லித்துவேனிய வயல்களில் வடிகால் போட்டது. சதுப்பை வற்றவைத்து, ஓடையை நேராக்கி, டிராக்டர் தடங்கலில்லாமல் ஓடுவதற்கு வழி செய்தது. வயல் நடுவே தனித்தனியாக நின்ற பண்ணை வீடுகள் அதற்கு இடைஞ்சல். குடும்பங்களைக் கூட்டுப்பண்ணைக் குடியிருப்புகளுக்கு மாற்றி, வீட்டை இடித்து, கிணற்றை மூடி, தோட்டத்தை உழுதுவிட்டார்கள். சில ஊர்கள் குண்டு விழாமலே வரைபடத்திலிருந்து போயின. அழிந்தது வீடு, கூடவே போனது முற்றத்துச் சிலுவை.

1988-இல் ‘ஸாயூதிஸ்’ இயக்கம் எழுந்து பேச்சு சுதந்திரமானதும் நாடெங்கும் ஒரு வேலை தொடங்கியது. அந்த ஊர்களிலிருந்து சிதறிப் போனவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, ஊர் இருந்த இடத்தில் ஒரு சிலுவையோ தூணோ கல்லோ நட்டார்கள். ஊர்ப் பெயரும், பல இடங்களில் அங்கே குடியிருந்த குடும்பங்களின் பெயர்களும் பொறித்திருக்கும். சுற்றிலும் கோதுமையோ கடுகோ விளைந்து கிடக்கும். ஒரு பழைய லிண்டன் மரம், அல்லது யாரோ வைத்த ஆப்பிள் மரம், வீடு எங்கே இருந்தது என்று காட்டும். முன்பு ஊர் சிலுவையை நட்டது. இங்கே ஊரே இல்லை, அதன் சிலுவை நிற்கிறது.

அப்படி நட்டவற்றுக்கு இப்போது முப்பத்தைந்து வயதாகிறது. ஒரு சாண் உயரத்தில் கறுப்பு ஏறத் தொடங்கிவிட்டது. 1990-இல் 37 லட்சமாக இருந்த நாட்டு மக்கள்தொகை இன்று 29 லட்சத்துக்குப் பக்கம். நட்டவர்களின் பிள்ளைகள் டப்ளினிலும் ஆஸ்லோவிலும் வேலை செய்கிறார்கள். கோடை விடுமுறையில் வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை பார்த்துக் கார்களை வயலோரத்தில் நிறுத்துகிறார்கள். மடக்கு மேசை, பீட்ரூட்டில் செய்த ரோஜா நிறக் குளிர்ந்த சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு. பெரியவர்கள் பெயர்ப் பட்டியலைப் படித்து இது எங்கள் வீடு, அது உன் அத்தை வீடு என்று கை நீட்டிக் காட்டுகிறார்கள். கை நீட்டிய திசையில் கடுகு மட்டும் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் நாலைந்து பேர் சிலுவையைச் சுற்றி நின்று, கயிறு கட்டி, மெல்லச் சாய்த்துப் படுக்கவைக்கிறார்கள். யாரோ ஒருவர் கட்டைவிரலால் அடியைக் குத்திப் பார்க்கிறார். எதுவரை மென்மையாக இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டு, ரம்பத்தைக் கேட்கிறார்.